கல்லில் யார் தாத்தா?

மார்ச் 4

எங்கள் ரயில் நிலையத்துக்கு நூறு வயது ஆகப் போகிறது. பிளாட்பாரத்தில் ஒரு கல் நடுகிறார்களாம். ஊருக்கு ரயில் வந்த கதையை நாலு வரியில் எழுதித் தரச் சொன்னார் ஸ்டேஷன் மாஸ்டர். "டிக்கெட் கவுண்ட்டர்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க?" சும்மாவா! ஆனாலும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதே என் பிழைப்பு.

மார்ச் 5

அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், "எங்க தாத்தா பேரைப் பெருசாப் போடு" என்றார். ரயில் கார்டு வேலையில் முப்பது வருடம் கடைசிப் பெட்டியில் போய்வந்தவர். பேச்சில் மட்டும் எப்போதும் முதல் பெட்டி. அவர் தாத்தா சிவப்புத் துணியைக் காட்டி ரயிலை நிறுத்தியதால்தான் இங்கே ஸ்டேஷன் வந்ததாம். மாவு மில்காரர் வீட்டில் வேறு கதை: அவர் தாத்தா நிலம் கொடுத்ததால்தான் வந்ததாம். இந்தச் சண்டையில் இரண்டு வீடும் பேசி நாற்பது வருடம் ஆகிறது.

என் மகளும் மில்காரர் மகனும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். "கல்லுல அவங்க தாத்தா பேரு வந்துச்சுன்னா, என் பேத்தி அந்த வீட்டுக்குப் போகமாட்டா" என்கிறார் அப்பா. மில்காரரும் தன் மகனிடம் இதையேதான் சொன்னாராம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. என் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார்.

மார்ச் 9

மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "எதையாவது எழுதேம்மா" என்கிறாள். எதை?

மார்ச் 12

பார்சல் அறையில் ஒரு பெட்டி நிறையப் பழைய பதிவேடுகள். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

மார்ச் 14

கிடைத்துவிட்டது. ஐயோ.

ரயில் இங்கே நிற்பதாகத் திட்டமே இல்லை. ஒருநாள் நீராவி இன்ஜினின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை. டிரைவர் பொட்டல்வெளியில் நிறுத்தினார். பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. மறுநாளும் அங்கேயே நிறுத்தித் தண்ணீர் பிடித்தார், அப்புறம் தினமும். காத்திருந்த பயணிகளுக்குச் சாப்பாடு விற்க நாலு பேர் கொட்டகை போட்டார்கள். அதுதான் ஊர். நிலம் அரசாங்கத்தினுடையது. சிவப்புத் துணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டு தாத்தாவும் காலி. இனி இரண்டு பேரும் சேர்ந்து என் மேல்தான் பாய்வார்கள். கல்யாணம் போச்சு — பெட்டியிலேயே போட்டுப் பூட்டிவிடலாமா? பூட்டினாலும் கல்லில் ஏதோ ஒரு தாத்தாவை எழுதித்தானே ஆகணும்? எதுக்குடி இதைப் போய்த் தேடினே!

மார்ச் 15

சொல்லவில்லை.

மார்ச் 17

சொல்லிவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் அப்பாவையும் மில்காரரையும் உட்காரவைத்து, பதிவேட்டை வாசித்தேன். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்து முடித்துப் பதிவேட்டை மூடினேன்.

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ இவரு தாத்தா நிலம் கொடுக்கலையா?"

"இல்லப்பா."

மில்காரர் உடனே, "இவரு தாத்தா ரயிலை நிறுத்தவும் இல்ல?"

"இல்லைங்க."

"அப்பாடா!" என்றார் அப்பா.

மில்காரர் நாற்காலியில் சாய்ந்து, "ஓட்டை இன்ஜினா!" என்று சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவும் சிரித்தார். அட பாவிகளா, எதிராளியின் தாத்தா ஜெயித்துவிடுவாரோ என்றுதானா இத்தனை வருடப் பயம்? விழுந்தும் யார் மீசையிலும் மண் ஒட்டவில்லை. நான் கவுண்ட்டருக்கு வந்து நன்றாக அழுதேன். டிக்கெட் வாங்க வந்த ஒரு அம்மா பயந்துபோனார்.

ஏப்ரல் 2

கல்லுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தாயிற்று: ஓட்டை இன்ஜின், கிணறு, கொட்டகை; தாத்தா யாருமில்லை. காலையில் மில்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணத் தேதி இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. மதியம்வரை வேறு சண்டை: அந்த டிரைவர் மறுநாளும் ஏன் இங்கேயே நிறுத்தினார்?

"கிணத்துத் தண்ணி அவ்வளவு ருசி" என்றார் அப்பா.

"இன்ஜினுக்கு என்னங்க ருசி? தண்ணி இறைச்ச பொண்ணு அழகா இருந்திருப்பா."

"சம்பந்தி, உங்களுக்கு ரயிலைப் பத்தி ஒண்ணுமே தெரியல."

அடுப்படியில் என் மகள் என் கையை இறுகப் பிடித்தாள். "அம்மா, தாத்தா சம்பந்தின்னு சொன்னார்ல?"

"சொன்னார்டி."