மத்தி மேல் விழுந்த பழி

அக்கா, என் மருமகள் இன்று மத்தி மீன் பொரிக்கிறாள். தேங்காயெண்ணெயும் மிளகும் சேர்ந்த அந்த வாசம் வந்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. வேறு யார் நினைப்பு வரும்?

எண்பதுகளில் மட்டாஞ்சேரி சரக்குக் கிட்டங்கியில் நாம் சுக்கு தரம் பிரித்தபோது, மதியச் சாப்பாட்டை யாரும் தனியாகத் தின்றதில்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு துண்டு வைத்துவிட்டுத்தான் கை நனைப்போம். பிரஷருக்கு மாத்திரை தொடங்கிய பிறகும் என் மத்தியை நீங்கள் விட்டதில்லை. சில மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள், கொழுப்பு ஏறியிருந்தது. அன்றோடு மீனையும் எண்ணெயையும் விட்டீர்கள். வெறும் கஞ்சியும் பயறும்தான். மறுபடி பார்த்தால் இன்னும் ஏறியிருந்தது.

யார் நம்புவார்கள்? சுள்ளிக்கல்லில் இருந்த உங்கள் வீட்டில் மகனே எண்ணெய்க் குப்பியை வைத்துப் பூட்டினான். "கிட்டங்கியில போய்க் கள்ளத்தனமா திங்கிது" என்று ஊரெல்லாம் சொன்னான். நம் கூட்டத்துப் பெண்களும் உங்கள் பாத்திரத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். நீங்கள் மூட்டைக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

ஒருநாள் தலை சுற்றிச் சுக்குக் குவியலில் சாய்ந்தீர்கள். "மாத்திரையை நிறுத்திட்டேன்டி. திங்காததுக்கு ஏச்சு கேட்டுட்டு எதுக்கு மருந்து?" என்றீர்கள். உங்கள் மகனையும் வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மலையாளம் கலந்து பேசும் லேடி டாக்டர் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீர் பிரிய வைக்கிற மாத்திரை. சிலருக்குக் கொழுப்பைக் கொஞ்சம் ஏத்தும். அம்மை தின்னதுகொண்டு இல்ல. வேற எழுதித் தாரேன். ஆனா நீங்களா ஒண்ணும் நிறுத்தண்டா, கேட்டோ. பிரஷர் ஏறினா ஆளே போயிடும்" என்றார்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நான் திங்கலன்னு சொல்லிட்டாங்கடி" என்று அழுதீர்கள். உங்கள் மகன் தலை குனிந்து நின்றான். மறுநாள் மதியம் எல்லார் முன்னாலும் என் பாத்திரத்திலிருந்து நீங்களே ஒரு மத்தியை எடுத்துக்கொண்டீர்கள். அந்த மிடுக்கு, அம்மாடி, இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது எனக்கும் பிரஷர், மாத்திரை எல்லாம் வந்தாயிற்று. போன வாரம் கொழுப்பும் ஏறியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த மருமகள், என்ன தின்றீர்கள் என்று கேட்கவில்லை. "என்ன மாத்திரை குடிக்கிறீங்க மாமி? டாக்டர்ட்ட கேப்போம்" என்றாள். உங்கள் கதை அவளுக்கு மனப்பாடம், அக்கா.

தட்டில் ஒரு மத்தி வைத்திருக்கிறாள். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு துண்டு பிட்டு ஒதுக்கிவிட்டுத்தான் கை நனைக்கப் போகிறேன்.