அந்த வீட்டுக்கு ஒரு சொட்டும் இல்லை

மதினி,

கை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். சவுக்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பெரிய கேனிலிருந்து போத்தல்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன், நீங்கள் செய்வதுபோலவே புனலில் பழைய வேட்டித் துணியை விரித்து, தூசி இறங்காமல். கட்டுகஸ்தோட்டையில் கரண்ட் போய் எத்தனை நாள் என்று எண்ணுவதையே ஊர் விட்டுவிட்டது. மலை சரிந்ததில் மடுல்கெல்லப் பக்கம் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. லொறி வர ரோடும் இல்லை. எல்லாரும் கையைப் பிசைகிறார்கள். நம் வீட்டில் அரிசி இருக்கிறது, மாசிக் கருவாடு இருக்கிறது, தீப்பெட்டிகூட நமத்துப்போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்திருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் இப்படித்தான். மழை, மண்சரிவு, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அண்ணன் கொழும்பில் மாட்டிக்கொண்டார். உங்களுக்கு வயிற்றில் ஏழு மாசம். லாம்பில் எண்ணெய் வற்றிவிட்டது என்று நாம் இரண்டு பேரும் வெறும் போத்தலோடு கீழே இருந்த கடைக்குப் போனோம். கடைக்காரம்மா அப்போதுதான் சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு நின்றாள்.

"ஒரு லாம்புக்குப் போதும்க்கா," என்றீர்கள்.

"வெள்ளிக்கிழம, வெளக்கு வச்சாச்சு. இனி எண்ணெய் வெளிய போனா லட்சுமியும் கூடவே போயிருவா. காலையில வாங்க."

நாமும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள்தானே. விளக்கு வைத்த பிறகு உப்பும் எண்ணெயும் வெளியே கொடுக்காதவள்தான் என் அம்மாவும். அதனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், மடச்சிகள் மாதிரி, வெறும் போத்தலோடு திரும்பினோம். பாதிப் படி ஏறி மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தால், கடை வாசலில் யாரோ ஹோட்டல்காரரின் ஜீப். கேன் கேனாக ஏறுகிறது. லட்சுமிக்கு ஜீப்பில் போவதென்றால் இஷ்டம் போல!

அந்த இருட்டில்தான் பின்பக்கப் படியில் உங்களுக்குக் கால் வழுக்கியது. அக்கம்பக்கத்தார் உங்களைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி ஓடினார்கள். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் மட்டும் திரும்பி வந்தீர்கள். பிறகு வேறு பிள்ளை தங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கதறி அழுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தபடி, "புள்ள, ஒரு கேன் வாங்கிட்டு வா. அந்தக் கடையில இல்ல, கண்டியில," என்றீர்கள்.

அப்படித் தொடங்கியதுதான். தோட்டத்தில் கவ்வாத்து முடிந்தால் வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கட்டுக்கட்டாக இறக்கி அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினீர்கள். பலாக்கொட்டையை மணலில் புதைத்தீர்கள். தேசிக்காயை ஊறுகாய்க்கு உப்பில் போட்டீர்கள். தீப்பெட்டிகளை அரிசியோடு தகரத்தில் போட்டு மூடி வைத்தீர்கள். அண்ணன், "கடை வைக்கப் போறியா?" என்று கேலி பண்ணினார். "ஆமா, அந்தக் கடையை இழுத்து மூட வைக்கிற கடை," என்று சொன்னீர்கள்.

பிள்ளை போன நாள் வரும்போதெல்லாம் பொழுது சாய்ந்ததும் நீங்களே மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிவிடுவீர்கள். ஊரெல்லாம் வெளிச்சமாக இருக்கும், நம் வீட்டில் மட்டும் குப்பி லாம்பு. எதைத் தொட்டாலும் கைக்கு வருகிறதா, எது குறைகிறது என்று பார்ப்பீர்கள். பக்கத்து வீட்டார் அதைப் பைத்தியம் என்றார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், அது உங்கள் திவசம்.

யார் எப்போது கேட்டாலும் கொடுப்பீர்கள். "வெளக்கு வச்ச பெறகுதானே லாம்பு வேணும்? பகல்ல எதுக்கு?" என்பீர்கள். ஆனால் கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வேறு. "அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு சொட்டு போகக்கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். சந்தோஷமாகவே பண்ணினேன்.

போன வாரம் அந்தக் கடைக்காரம்மா வந்தாள், மதினி. நம் வாசலுக்கு. அதுவும் விளக்கு வைத்த பிறகு! மண்ணெண்ணெய் விற்பதை அவர்கள் விட்டு ரொம்ப நாளாயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டதாம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், ஏழு மாசமாம், பாத்ரூமுக்கு இருட்டில் படியிறங்கிப் போக வேண்டுமாம். போத்தலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த நேரம்! சொல்ல வேண்டியதை அடுப்படியில் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். "ஏழு மாசமா?" என்றுதான் வந்தது. அவளுக்காக இல்லை, சத்தியமாக இல்லை. அந்தப் படியில் உங்களைத் தூக்கியவள் நான்.

"எண்ணெய் தரமாட்டேன். லாம்பு நானே கொண்டு வந்து ஏத்துவேன். காலையில திரும்ப எடுத்துக்குவேன்," என்றேன். உங்களுக்குக் கொடுத்த வாக்குத் தப்பவில்லை. அவள் போத்தலில் ஒரு சொட்டும் விழவில்லை.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய போகிறேன். அவசரப்படுவதில்லை. முதலில் நம் வீட்டு விளக்கு, பிறகு பக்கத்து வீட்டுக் கிழவருக்கு, பிறகு என் தேத்தண்ணி, கடைசியாகத்தான் அந்த வீடு. அதுவரை கடைக்காரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மகளைப் படிப்பக்கம் விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு, என் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. நல்லா இருக்கட்டும்! தெரியட்டும்!

நேற்று படியில் லாம்பை மாட்டும்போது அந்தப் பெண் கேட்டாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, அப்போது பால்குடி. "எதுக்கு அத்த, தெனமும் செரமப்படுறீங்க? எண்ணெயைக் குடுத்தா நாங்களே ஏத்திக்குவோமே?"

கடைக்காரம்மா எனக்குக் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையைப் படியிலேயே வைத்தாள். இத்தனை வருஷத்தில் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்காதவள், என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கெஞ்சுகிறாள், மதினி.

"ஒங்கம்மாகிட்டயே கேளும்மா," என்றேன்.

வெளியே வந்து வேண்டுமென்றே மெதுவாகச் செருப்பு மாட்டினேன். உள்ளே அந்தப் பெண்ணின் குரல்: "என்னம்மா? சொல்லு."

அவள் நல்லபடியாகப் பெற்றெழும்பும்வரை தினமும் லாம்போடு போவேன். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பிள்ளையை என் கையில் கொடுத்தால் வாங்கிக் கொஞ்சக்கூடச் செய்வேன். ஆனால் அவள் அம்மாவை மன்னிக்க மாட்டேன். உங்கள் கோபத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். பத்திரமாக இருக்கிறது, மதினி.