உன் கப்பலில் ஓட்டை விழ வேண்டுமாம்

அன்புள்ள சின்னுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவிடமிருந்து கடிதம் என்றதும் பயந்துபோய்க் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கும் ஒன்றுமில்லை, குளியலறைச் சுவரில் ஓதம் மட்டும் போன வருடத்தைவிட ஒரு சாண் ஏறியிருக்கிறது. நீயும் அதுபோலப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லாமல் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ சாப்டியாம்மா என்பாய், சாப்டேன்டா நீ என்பேன், சாப்டேன் என்பாய், பிறகு அடுத்தவர் ஏதாவது சொல்வார் என்று இரண்டு பேரும் காத்திருப்போம், சரிம்மா வச்சிடறேன் என்பாய். இது அந்த இடைவெளிக்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

போன முறை பேசியபோது வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அங்கேதான் என்றாய். சந்தோஷம் என்றேன், அது நிஜம்தான். கூடவே, என் ரூம்ல இருக்கறதெல்லாம் யாருக்காவது குடுத்துடும்மா, ரூம வாடகைக்கு விட்டாக்கூட நல்லது, உனக்கும் ஒரு துணையா இருக்கும் என்றாய். சட்டைகளைக் கொடுத்துவிட்டேன், மேசையைக் கொடுத்துவிட்டேன். அலமாரி மேலிருந்த, நீ பாதி கட்டிய மாதிரிப் போர்க்கப்பலை மட்டும் யாருக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை. உள்கூடும் மேல்தளமும் முடித்து, பக்கவாட்டில் தோல் போடாமல், விலா எலும்பு தெரிய அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாய். ஒரு கை நீளம்தான் என்றாலும் தூக்கினால் கைக்குழந்தை கனம். நீ முன்பு சொன்ன கப்பல் சண்டையை நடத்துகிறவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டைக்குப் போனேன்.

நீ கல்லூரி நாட்களில் சொன்னபோது நான் பாதிக் காதில்தான் கேட்டிருக்கிறேன். ரிமோட் கப்பல்கள் ஒன்றையொன்று சுடும் என்றால் ஏதோ பொம்மைச் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். நிஜமாகவே சுடுகிறார்கள். வாயு உருளையின் அழுத்தத்தில் சைக்கிள் பேரிங் போன்ற குட்டி எஃகுக் குண்டு பாய்ந்து, மெல்லிய பால்சா மரத்தோலில் ஓட்டை போட்டு உள்ளே போகிறது, தண்ணீர் புகுகிறது, உள்ளிருக்கும் பம்ப் அதை வெளியே துப்பப் பார்க்கிறது, முடியாவிட்டால் கப்பல் மூழ்குகிறது. வளர்ந்த மனிதர்கள் கரையில் நின்று, டேய் என் பின்பக்கத்துல வராத, வந்தா வீட்டுக்குப் போக மாட்ட என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவி ஒரு பல் டாக்டர், உன்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். கப்பலை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இத இவ்ளோ பொறுமையா கட்டினவர் எங்கக்கா என்று கேட்டாள். தூரத்தில் என்றேன். அப்ப நீங்க ஓட்டுங்க, கப்பலக் குடுத்துட்டுப் போறவங்கள நாங்க விடறதில்ல என்றாள். நான் மறுத்திருக்க வேண்டும். அன்று மதியம் வீட்டுக்குப் போய்ச் செய்ய எனக்கு ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது, நின்றுவிட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு உடனே பீரங்கி கொடுக்க மாட்டார்கள். கூட்டத்துக்குப் பொதுவான ஒரு சரக்குக் கப்பலை இரவல் தருகிறார்கள், அதில் சுடுவதற்கு எதுவும் கிடையாது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும், மற்ற எல்லாரும் அதை அடிப்பார்கள். நீங்க பாட்டுக்குப் போங்கக்கா, நாங்க பாட்டுக்கு அடிக்கிறோம் என்று பூட்டுக்காரர் மரியாதையாகச் சொன்னார். சந்தைப் பக்கம் சாவி போட்டுக் கொடுப்பாரே, அவரேதான். கண்ணுக்குத் தடுப்புக் கண்ணாடி போடாமல் யாரும் கரையில் நிற்கக் கூடாது என்பது விதி. அவர் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேல் அதையும் மாட்டி, இரண்டும் சரிந்து, யாரைச் சுடுகிறோம் என்றே தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அவருக்குப் பவரோடு சேர்த்துத் தடுப்புக் கண்ணாடி செய்து கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக என்னை மூழ்கடித்தார். நல்லா தெரியுதுக்கா, ரொம்ப நன்றி என்றார். கரையோரம் இடுப்பளவுதான் தண்ணீர். கப்பல் மூழ்கியதும் நூலில் கட்டிய சின்ன மிதவை மேலே வரும், அதைப் பார்த்துப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்து வந்தேன், எல்லா ஓட்டையிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. இங்கே ஒரு வழக்கம் உண்டு சின்னு, மூழ்கடித்தவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து, ஓட்டை ஓட்டையாக அவரும் நானும் மூடினோம். கடையில் நாள் முழுக்க மனிதர் முகத்துக்கு அருகில்தான் நிற்கிறேன், புது ஃபிரேம் போட்டுப் பார்த்து எனக்கு நல்லா இருக்கா என்று கேட்பார்கள், நல்லா இருக்கு என்பேன், போய்விடுவார்கள். ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு நாளாயிற்று என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அதன் பிறகு உன் கப்பலை நானே முடிக்க உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அதற்கு. பம்ப்பைப் பொருத்துவதற்கு முன் குளியலறையில் பெரிய வாளியில் வைத்துச் சோதித்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தியபோது உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் யாரோ குளிக்கிற மாதிரியே இருந்தது. நீ குளிக்கும்போது பில் ஏறுதுடா, சீக்கிரம் வா என்று கத்துவேனே, அந்தச் சத்தம். அணைக்காமல் விட்டுவிட்டு வந்து சமையலறையில் வேலை பார்த்தேன். வாளித் தண்ணீர் தீர்ந்தபின்னும் ஓடி மோட்டார் கருகிவிட்டது. பல் டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, தண்ணியில்லாம ஓட விட்டீங்களா, மறந்துட்டீங்களா என்றாள். ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன். உனக்குச் சொல்கிறேன், மறக்கவில்லை.

உன் கப்பலுக்கு மூலமான நிஜக் கப்பலைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். அது எந்தப் போருக்கும் போகவில்லையாம், துறைமுகத்திலேயே பல வருடம் பளபளவென்று நின்று, கடைசியில் பழைய இரும்பாக உடைத்து விற்றுவிட்டார்கள். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அப்படியிருந்தும் தோல் போடும்போது அதையேதான் நானும் செய்தேன். பால்சாவை ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினேன், காய்ந்ததும் இன்னொரு பூச்சு, பிறகு இன்னொன்று. ஓட்டை விழக் கூடாது என்றுதானே யாரும் நினைப்பார்கள், அதுவும் உன் கையால் கட்டியது. சோதனை நாளன்று எல்லார் கப்பலின் மீதும் ஒரு சின்ன இரும்பு எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போடுவார்கள், தோல் கிழிய வேண்டும். நம் கப்பலின் மீது போட்டதும் டங்கென்று எகிறிப் பூட்டுக்காரர் காலடியில் விழுந்தது. இது கப்பலா பீரோவாக்கா, இதுக்குப் பூட்டு வேற போட்டுத் தரட்டுமா என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பல் டாக்டர் மட்டும் சிரிக்காமல், ஓட்டை விழணும்க்கா, விழாத கப்பல தண்ணியில விட்டா மத்தவங்களுக்கு அநியாயம், பிரிச்சுட்டுப் புதுசா போட்டு எடுத்துட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள்.

பிரிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது, வேலையினால் அல்ல. கத்தியை வைப்பேன், எடுத்துவிடுவேன். பிரித்தபோது முன்பக்க விலாவில் உறைந்த பசையில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. கண்ணாடி துடைத்தே பழகிய எனக்குக் கைரேகையைக் கண்டால் துடைக்கத்தான் கை போகும். இதைத் துடைக்கவில்லை. மேலே மெல்லிய தோலை ஒரு பூச்சோடு போட்டு முடித்தேன். போன ஞாயிறு எடை உள்ளே போனது, விழுந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கப்பல் தேர்ச்சி.

உன் சித்தியிடம் சொன்னேன். இந்த வயசுல கப்பல் விடறியா, மழைக்குக் காத்திருந்து காகிதத்துல விடேன் என்றாள். நாற்பத்திரண்டு ஒரு வயதா என்று கேட்டேன், உன் பையன்கிட்ட கேளு என்றாள். சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றுகிறது, நான் சொன்னால் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல். நீயும் இருட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காதே, உன் அப்பாவுக்கும் உன் வயதில்தான் பவர் ஏறத் தொடங்கியது, அவர் இருந்திருந்தால் இதை அவரே சொல்லியிருப்பார். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்போது விஷயம். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு பெரிய சண்டை. அது கரையோரமாக நடக்காது, குட்டையின் நடுவில் நடக்கும். நடுவில் பழைய குவாரிப் பள்ளம், ஆழம் யாருக்கும் தெரியாது, அங்கே மூழ்கினால் மிதவை நூல் எட்டாது. ஏற்கெனவே இரண்டு கப்பல்கள் அடியில் கிடக்கின்றன, எடுக்க முடியவில்லை. உன் கப்பலை அதில் விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது குடுத்துடு என்று நீயே சொன்னதுதான். வேணாம்னு சொன்னவங்ககிட்ட திரும்பக் கேக்காதீங்கக்கா என்று பல் டாக்டரும் சொல்கிறாள். ஆனாலும் கொடுத்துவிடுவது வேறு, மூழ்கவிடுவது வேறு. அலமாரி மேலே திரும்ப வைத்தால் பத்திரமாக இருக்கும், நானும் இந்த வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறேன். அறையை நான் வாடகைக்கு விடவில்லை, பசை காய அங்கேதான் வைக்கிறேன், சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர் பக்கத்தில் உட்கார, நீண்ட நாள் நன்றாக இரு. கப்பலை விட வேண்டாம் என்றால் அந்த ஞாயிற்றுக்கு முன் போன் செய். விடலாம் என்றாலும் போன் செய். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதே, நான் சாப்பிட்டுவிட்டேன்.

அன்புடன்,
உன் அம்மா