பத்தாவது கேள்வி

அப்பா,

இதை யாரிடமும் காட்டாதீர்கள், உங்கள் வக்கீலிடம்கூட.

நீங்கள் இருவரும் பிரிவதைப் பற்றிக் கேட்க வேண்டியதை எழுதி வரும்படி அம்மாவிடம் அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். தம்பி யாரிடம் இருப்பான், பள்ளியை மாற்றலாமா, விடுமுறைக்கு உங்களிடம் அனுப்ப வேண்டுமா என்று அம்மா எழுதிய ஒன்பது கேள்விகளும் அவனைப் பற்றியே. என்னைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அம்மாவின் கையெழுத்தைப் போலவே பத்தாவதாக, "மகள் யாரிடம்?" என்று எழுதி வைத்தேன்.

இன்று நானும் அம்மாவுடன் போயிருந்தேன். வக்கீல் அதைப் படித்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினாலு வயசாச்சே, ஜட்ஜ் அவளையே கேப்பார்" என்றார் வக்கீல்.

"அவ அப்பா செல்லம் மேடம். என்னையா சொல்லப்போறா? அதான் கேக்கல" என்றாள் அம்மா.

அதன்பிறகு என்னிடம் பேசவேயில்லை. பயமாக இருக்கிறது. உங்கள் கேள்விகளில் நான் இருக்கிறேனா அப்பா?

அம்மா கதவைத் தட்டுகிறாள். என் பக்கத்தில் தம்பி எப்போதோ தூங்கிவிட்டான். அப்படியென்றால் என்னைத் தேடித்தான்—