நாற்பத்தொன்றாம் நம்பர் மெஷின்

பெல்டன் க்ரீக், வட கரோலினா
6 அக்டோபர் 2003

அன்புள்ள தம்பி கார்லண்டுக்கு,

இங்கே சுகம். நீயும் மரிசேலாவும் ஹோண்டுராஸ் வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்? கல்யாணப் படம் வந்தது. அவள் உன் தோளைக்கூட எட்டவில்லை, ஆனால் பார்வையில் தைரியம் தெரிகிறது. உனக்கு அப்படி ஒருத்திதான் வேண்டும். வயிற்றில் நாலு மாதம் என்று எழுதியிருக்கிறாய். அக்காவிடம் இதைச் சொல்ல உனக்கு நாலு மாதமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை மில்லைப் பூட்டிவிட்டார்கள். சாக்ஸுக்கு விரல்முனை தைத்த எங்கள் இருபத்து மூன்று பேரை பிப்ரவரி பதினாலாம் தேதியே அனுப்பியது உனக்குத் தெரியும். இப்போது மிச்சமிருந்த நூற்று அறுபது பேரும் வெளியே. கடைசி நாள் மேலாளர் எல்லோருக்கும் ஹாட் டாக் சுட்டுப் போட்டாராம். சாயப் பகுதி ஓடெல், "சாவு வீட்டுச் சாப்பாடுன்னா பன்னித்தொடை வைக்கணும் சார், இதுலயுமா கஞ்சத்தனம்?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறான்.

வேலை வெளிநாட்டுக்குப் போனதால் வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவ ஒரு சட்டம் இருக்கிறது. இரண்டு வருஷம் படிக்க வைக்கிறார்கள், படிக்கும்வரை வாரச் செலவுக்குக் கொடுக்கிறார்கள், மருத்துவக் காப்பீட்டிலும் பெரும்பங்கு கட்டுகிறார்கள். நானும் ஓடெலும் நடீனும் கையெழுத்துப் போட்டு வாஷிங்டனுக்கு மனு அனுப்பியிருக்கிறோம். பத்தொன்பது வருஷம் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்த நடீனுக்கு இப்போது காப்பீடுதான் முக்கியம். இன்சுலினைப் பாதி அளவு போட்டுக்கொள்கிறாள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கான படிப்பில் சேரப்போகிறேன். ஐம்பத்தொரு வயதில் புத்தகப் பை. சிரிக்காதே.

வீட்டு போன் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கடிதம் போடு.

பிரியமுள்ள அக்கா,
வெர்லீன்

*

சான் பெட்ரோ சூலா
29 அக்டோபர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. நீ படித்தால் கூடத்துக்கே தலைவியாகிவிடுவாய்.

இங்கே காலை ஆறு மணிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. கம்பெனி என்னை இங்கே மாற்றினாலும் வேலை நம்மூர் மில்லில் பார்த்த பழையதுதான்: மெஷின் மக்கர் செய்தால் திறந்து பார்ப்பது. அதோடு இங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். என் ஸ்பானியத்தைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்கள். மரிசேலாவும் அந்த வரிசையில்தான் இருந்தாள்.

சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பெட்டியைப் பிரித்தபோது உன் மெஷின் வந்தது. நாற்பத்தொன்றாம் நம்பர். ஊசிக்குப் பக்கத்தில் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு அப்படியே இருக்கிறது. இப்போது யெசேனியா என்ற பத்தொன்பது வயதுப் பெண் அதில் தைக்கிறாள். நல்ல கை.

அக்கா, இதை யாரிடமும் சொல்லாதே. இங்கிருந்து பேச்சு வெளியே போகக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். என்னோடு வந்த டெல்பர்ட் ஊருக்கு போன் போட்டு உளறினான், அவனை வேலையை விட்டு நீக்கி அன்றைக்கே விமானம் ஏற்றினார்கள்.

உன் தம்பி,
கார்லண்ட்

*

பெல்டன் க்ரீக்
16 ஜனவரி 2004

அன்புள்ள கார்லண்டுக்கு,

மரிசேலாவுக்குக் கால் வீக்கம் என்று எழுதியிருந்தாயே, குறைந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்.

மனு தள்ளுபடியாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் கைவிட்டதால்தான் மூடினோம், மெஷின்களை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. வாஷிங்டன்காரர்கள் காகிதத்தை நம்புகிறார்கள். அவர்களுக்கு வேறென்ன தெரியும்?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கிரீர் அம்மா என்று ஒருவர், நல்ல மனுஷி. அவர் விளக்கிச் சொன்னார். பிப்ரவரி பதினொன்றுக்குள் ஆதாரத்தோடு கேட்டால் மனுவைத் திரும்பப் பார்ப்பார்கள். அது தவறினால், ஆதாரம் கிடைத்தபின் புதிதாக மனுப் போடலாம். ஆனால் மனுப் போடும் நாளுக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் வேலை போனவர்களுக்கு மட்டுமே அது செல்லும். பிப்ரவரி பதினாலு தாண்டினால் நாங்கள் இருபத்து மூன்று பேரும் கணக்கிலேயே இல்லை.

மெஷின் அங்கே இருக்கிறது என்று நீ எழுதிய கடிதம் என் அலமாரியில் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. நீ சொல்லாமல் காட்டவும் மாட்டேன். ஆனால் கேட்கிறேன். மெஷின்களின் தகட்டில் பொறித்த எண்களைக் குறித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பு. முடியாது என்றால் அந்தக் கடிதத்தைக் காட்டவாவது சம்மதம் சொல். "ஆகட்டும்" என்று ஒரு வரி போதும்.

உன்னிடம் கேட்டு எழுதப்போவதாக மட்டும் நடீனிடம் சொன்னேன், அதிலிருந்து தினமும் கேட்கிறாள்: "உன் தம்பிகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?"

அக்கா,
வெர்லீன்

*

பெல்டன் க்ரீக்
3 பிப்ரவரி 2004

கார்லண்ட்,

தபால்காரர் வண்டி நிற்காமலே போகிறது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், பதிலுக்கும் அப்படியொரு உறையை இதோடு வைத்திருக்கிறேன். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுது.

வெர்லீன்

*

சான் பெட்ரோ சூலா
1 மார்ச் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இதோடு ஒரு பட்டியல் இருக்கிறது. முப்பத்தெட்டு மெஷின்கள், தகட்டு எண்கள், வந்திறங்கிய தேதிகள். அடியில் என் கையெழுத்து. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

உன் இரண்டு கடிதங்களும் நேரத்துக்கே வந்தன. தபால்மேல் பழி போடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் அது முடியவில்லை.

ஜனவரிக் கடைசியில் மரிசேலாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். மருத்துவமனைச் செலவு கம்பெனியுடையது, நான் வேலையில் இருக்கும்வரை. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பதினெட்டு நாள் வேலைக்குப் போனேன். நாளைக்கு எழுதுவோம் என்று தள்ளிப்போடவில்லை அக்கா. குழந்தை பிறக்கட்டும் என்று தெரிந்தேதான் எழுதாமல் இருந்தேன். பதினொன்றாம் தேதி போனதும் தெரியும். பதினாலு போனதும் தெரியும்.

இருபதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ஜூனில் ஞானஸ்நானம். வெர்லீன் என்று உன் பெயரையே வைக்கலாம் என்றிருக்கிறோம். மரிசேலாதான் முதலில் சொன்னாள். நீ சரி என்று எழுதவேண்டும்.

கார்லண்ட்

*

பெல்டன் க்ரீக்
18 மே 2004

அன்புள்ள கார்லண்டுக்கு,

தாயும் பிள்ளையும் பிழைத்தார்களே, அதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

உன் பட்டியலை கிரீர் அம்மாவிடம் கொடுத்தேன். ஓடெலும் இன்னும் இரண்டு பேரும் புது மனுப் போட்டார்கள். போன வாரம் அனுமதி வந்துவிட்டது. நூற்று அறுபது பேருக்கும் உண்டு. ஓடெல் வெல்டிங் படிக்கப் போகிறான். எங்கள் இருபத்து மூன்று பேருக்கு இல்லை. கிரீர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தேதிதான்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். கம்பெனிக்கும் விசாரித்து எழுதியிருப்பார்கள். உன் பெயர் இந்நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜாக்கிரதை.

நான் இப்போது நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன்.

நடீனுக்கு ஏப்ரலில் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். இன்சுலினைப் பாதியாக்கினாள், அப்புறம் அதையும் பாதியாக்கினாள். பார்க்கப் போனேன். "உன் தம்பி காகிதம் ஏன்டி அவ்வளவு தாமதமாச்சு?" என்று கேட்டாள். "அந்த ஊர்த் தபால் அப்படித்தான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, "பாவம், அவனும் என்ன பண்ணுவான்" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. உனக்காக மட்டும் சொன்னதில்லை. நீ அக்டோபரில் எழுதிய கடிதம் என் அலமாரியிலேயே இருந்தது. பிப்ரவரி பத்தாம் தேதி அதை எடுத்து, உறையில் போட்டு, கிரீர் அம்மாவின் அலுவலக வாசல்வரை போனேன். காரை விட்டு இறங்கவில்லை. என் தம்பி இன்னும் பதில் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். நீ உன் பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நடீனை யாரும் பார்க்கவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் எழுதாதே. உன் எழுத்தை உறையில் பார்த்தால் எனக்கு அந்த வாசல்தான் தெரிகிறது. எப்போது எழுதலாம் என்று நானே சொல்கிறேன். சொல்லாமலும் போகலாம்.

குழந்தைக்கு என் பெயரை வைக்கவேண்டாம். மரிசேலாவிடம் பக்குவமாகச் சொல், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய அம்மாவின் பெயரை வையுங்கள். அந்தப் பிள்ளை யாருக்கும் எதற்கும் பதில் சொல்லாமல் வளரட்டும்.

வெர்லீன்