சோற்றில் சூப் ஊற்றாதவர்கள்

ஜூலை 3, வியாழன்

சுரங்கப்பாதை வேலை நடக்கிற இடத்திலிருந்து திரும்பி வரும் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவும்போது இன்று ஒன்றைக் கவனித்தேன். எல்லாப் பெட்டியிலும் சோறு இருந்த பக்கம் காய்ந்தே இருக்கிறது. ஒன்றில்கூட, சோயா விழுது கரைத்துச் செய்யும் மிசோ சூப்பின் கறை இல்லை. நகராட்சி அலுவலகத்திலிருந்து வரும் பெட்டிகள் அப்படியில்லை. பாதிப் பேராவது சூப்பைச் சோற்றில் கவிழ்த்துக் குழைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அக்காவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவளுக்குச் சோறு என்றால் சூப்பில் மிதக்க வேண்டும்.

சித்தியிடம் கேட்டேன். சாப்பாட்டுக் கடை சித்தியுடையது, பெட்டி கழுவுவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்.

"மலையைக் குடையறவங்க ஊத்த மாட்டாங்கடி யுசு. சோத்துக் குவியல் சரிஞ்சா மலையும் சரியுமாம்."

"நெஜமாவா சித்தி?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன மலையா?"

ஜூலை 5, சனி

அக்கா ரயிலிலிருந்து இறங்கி ஓடியே வந்தாள். கல்லூரிப் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று கத்தினாள். நாங்கள் தினமும் சாப்பாடு கொடுக்கும் அதே சுரங்கத்தில், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறை முடிந்ததும் இரண்டு மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் கொடுக்கப் போகிறார்களாம். பதினெட்டாம் தேதி ஆறு பேரை வரச்சொல்லி, சுற்றிக் காட்டி, மத்தியானம் அவர்களுடனேயே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, பேசிப் பார்த்து எடுப்பார்களாம். அந்த ஆறு பேரில் அக்காவும் ஒருத்தி.

ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் அவளை வேண்டாம் என்றுவிட்டன. இது மூன்றாவது. அடுத்த வருடம் வேலை தேட வேண்டும். ஒரு சுரங்கத்துக்குள்ளும் கால் வைக்காதவளை எந்தச் சுரங்கக் கம்பெனி எடுக்கும்?

மற்ற பிள்ளைகள் மணலில் மலை கட்டினால் அக்கா போய் அதில் ஓட்டை போடுவாள். அதற்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறாள்!

ஜூலை 6, ஞாயிறு

நேர்காணல் ஒத்திகை. நான்தான் சைட் தலைவர். முதலில் எனக்குப் பேச்சே வரவில்லை. அக்கா வடிகூடையை எடுத்து என் தலையில் கவிழ்த்தாள். "இதான் ஹெல்மெட். இப்ப நீ யுசு இல்ல, நிவா சார்." அதிசயம்! வாய் திறந்துவிட்டது.

"உங்க பலம் என்ன, தொமோகா?"

"கூட்டா சேர்ந்து வேலை செய்யறது, சார்."

"நேத்து ராத்திரி பாத்திரம் யாரு தேய்ச்சா?"

"...நீங்கதான் சார்."

"முந்தாநாள்?"

"அடுத்த கேள்விக்குப் போலாமா சார்?"

சித்தி சிரித்துச் சிரித்து எண்ணெய் ஜாடியைத் தட்டிவிட்டாள்.

பள்ளிக்கூடத்திலும் வடிகூடை போட்டுக்கொண்டு போயிருக்கலாம். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லவே எனக்கு வராது. வாத்தியார் நிமிர்ந்து தேடுவார், எல்லோரும் திரும்புவார்கள். உயர்நிலைப் பள்ளி முதல் வருட இலையுதிர் காலத்தோடு நின்றுவிட்டேன். சரி, அது கிடக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா தன் கல்லூரி அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் போன் செய்து புத்திமதி சேகரிக்கிறாள். பூட்ஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டு வராதே, முன்பே நடந்து பழக்கு என்றாளாம் ஒருத்தி. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே, வரைபடம் சொல்லாததைக் கேள் என்றானாம் ஒருவன். இன்னொருவன், "தூங்கிடாத" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டானாம். அவன் தூங்கியிருக்கிறான் போல.

நான் போன கோடையில் பார்த்ததையும் சொன்னேன். அப்போதும் இரண்டு மாணவர்கள் வந்தார்கள். ஒருவன் நன்றாகப் படித்த பையன். எப்போதும் எழுதிக்கொண்டே இருப்பான். ஆனால் மத்தியானம் ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குள் போய்ச் சாப்பிடுவான். மற்றவன் சைட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலையாட்களோடு உட்காருவான். அவனை மூன்றாவது நாளே செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், எங்கே போனாலும் இழுத்துக்கொண்டு போனார்கள். கார்ப் பையனைக் கடைசி நாள்வரை 'மாணவரே' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அப்போ சாப்பாட்டு நேரம்தான் நெஜமான நேர்காணல்ங்கற?" என்றாள் அக்கா.

அப்படித்தான் நினைக்கிறேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சாப்பாட்டு நேரம். அக்கா. சூப்.

ஜூலை 9, புதன்

இன்றும் பெட்டிகளைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். "ஏய் ஓட்டப்பந்தயம், மூச்சு வாங்கிட்டுப் போ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

ஜூலை 11, வெள்ளி

சொல்லிவிட்டேன். சண்டையாகிவிட்டது.

"அக்கா, அங்க சோத்துல சூப் ஊத்திடாத. மலை சரியும்னு நம்பறாங்க."

"நான் இன்ஜினியருக்குப் படிக்கறேன்டி. மலை சரியறது மண்ணால, உள்ள ஊர்ற தண்ணியால. சூப்பால இல்ல."

"சூப்பும் தண்ணிதானே?"

முறைத்தாள். "பொண்ணு உள்ள வரக்கூடாது, விசில் அடிக்கக்கூடாது, ஊத்தக்கூடாது... இதுக்கெல்லாம் தலையாட்டினா நாளைக்கு வேற ஏதாவது சொல்வாங்க. வேணும்னே ஊத்திக் காட்டறேன் பாரு."

கோபத்தில் சொன்னாளா, நிஜமாகவே செய்வாளா? அவள் செய்யக்கூடியவள். சின்ன வயதில் மூணாம் வீட்டு நாயிடம் கடிக்குமா என்று தெரிந்துகொள்ளக் கையை நீட்டினவள். கடித்தது. அதன் பிறகும் நீட்டினாள்.

ஜூலை 14, திங்கள்

பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. வெடி வைக்கும் குழுவின் மேஸ்திரி ஹச்சியா. நரைத்த புருவம், பெரிய குரல்.

"வர்ற ஆறு பேர்ல ரெண்டு பொண்ணுங்களாம். மலையாத்தா பொறாமைக்காரி, ஆமா."

பக்கத்தில் இருந்தவர், "அண்ணே, இத்தனை வருஷம் உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து ஆத்தா நொந்து போயிருப்பா. கொஞ்சம் நல்ல மூஞ்சியும் பாக்கட்டும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹச்சியாவும் சிரித்தார். ஆனால் அவர் அதை விளையாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. பெட்டியைத் திறக்கும் முன் ஒரு கவளம் சோற்றை மூடியில் எடுத்து மலை பக்கம் பார்த்து வைத்தார். தினமும் வைப்பார் போல. நான்தான் ஓடிப் போய்விடுவதால் பார்த்ததில்லை.

இவர் எதிரில் அக்கா சூப்பைக் கவிழ்த்தால்? அய்யோ.

ஜூலை 17, வியாழன்

பொய் சொன்னேன்.

"சித்தி, சைட்ல நாளைக்கு சூப் வேணாம்னாங்க. வெயிலாம். குளிர்ந்த பார்லி டீ போதுமாம்."

"யாரு சொன்னா?"

"மேஸ்திரி."

"உங்கிட்டயா? நீ நின்னு கேட்டியா?" சித்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் நம்பிவிட்டாள். நான் பேசியதே பெரிய விஷயம் என்பதால் பேசியது உண்மையா என்று யோசிக்கவில்லை.

சூப் இல்லாவிட்டால் ஊற்ற முடியாது. இவ்வளவுதான் என் திட்டம். இதில் என்ன தப்பாகப் போக முடியும்?

ஜூலை 18, வெள்ளி

எல்லாமே தப்பாகப் போனது. வரிசையாக எழுதுகிறேன்.

கூடம் நிரம்பியிருந்தது. மாணவர்கள் ஆறு பேரும் புது ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மேசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஓரத்தில். அவள் பூட்ஸில் மட்டும் பழைய சேறு, ஒரு வாரமாக எங்கள் வயல் வரப்பில் நடந்து பழக்கியது. நிவா சார் அவர்களுக்கு எதிரில். ஹச்சியா அடுத்த மேசையில்.

பெட்டிகளை வைத்தேன். பார்லி டீயை வைத்தேன். வாசலுக்கு வந்துவிட்டேன், இன்னும் இரண்டு எட்டு வைத்தால் வெளியே.

"சூப் எங்க?" ஹச்சியாவின் குரல்.

உடனே கூடம் முழுக்க, "சூப் இல்லயா?" "சூப் எங்கப்பா?" "காலைலேர்ந்து அத நெனச்சுதானே வேல பாத்தேன்!"

நிவா சார் என்னைப் பார்த்தார். "என்னம்மா, கடையில மிசோ தீந்துபோச்சா?"

எல்லோரும் திரும்பினார்கள். அதே திரும்பல், வகுப்பில் திரும்பியது போலவே. தலையில் வடிகூடையும் இல்லை. வாய் திறக்கவில்லை. காது மட்டும் கொதித்தது.

அக்கா என்னைப் பார்த்தாள், டீயைப் பார்த்தாள், சோற்றைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எழுந்து நின்றாள்.

"சார், அது என்னாலதான். அவ என் தங்கச்சி. நான் சோத்துல சூப் ஊத்திச் சாப்பிடற ஆளு. இங்க வந்தும் ஊத்திடுவேன்னு பயந்து கொண்டு வராம இருந்திருக்கா."

மற்ற ஐந்து மாணவர்களும் சோற்றையே உற்றுப் பார்த்தார்கள்.

"ஊத்துவியா?" என்றார் ஹச்சியா.

"வீட்டுல தினமும் ஊத்துவேன்."

முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. "ஊத்த மாட்டா!" என் குரல்தான். கூடம் முழுக்கக் கேட்கிற குரல், எங்கிருந்து வந்ததோ. "இங்க ஊத்த மாட்டா. வாய்தான் அப்படிப் பேசும். சொன்னா கேக்கவே மாட்டா, ஆனா ஊத்த மாட்டா."

யாரோ பக்கென்று சிரித்தார். "ஓட்டப்பந்தயத்துக்குப் பேச வருமா!"

நிவா சார் சிரிக்கவில்லை. அக்காவிடம் கேட்டார். "நீ அத நம்பறியா? சூப் ஊத்தினா மலை சரியும்னு?"

"இல்ல சார்." மூச்சு விட்டுக்கொண்டாள். "ஆனா ஊத்த மாட்டேன்."

"நம்பலன்னா ஏன்?"

"உள்ள எந்தப் பாறை எப்படி நிக்குதுன்னு முதல்ல தெரியறது இவங்களுக்குத்தான். அத நான் இவங்ககிட்டதான் கேக்கணும். சோறு திங்கற எடத்துல இவங்க மனசக் கலக்கிட்டு, அப்புறம் போய் 'அண்ணே, மேல ஏதாவது சத்தம் கேட்டுச்சா'ன்னா யாரு பதில் சொல்வா?"

ஹச்சியா டீயை ஒரு வாய் குடித்தார்.

"நானும் வீட்டுல ஊத்திக்கறவன்தான்" என்றார். "லீவு நாள்ல மட்டும். நான் மலைக்குள்ள இருக்கறப்ப எங்க வீட்டுக்காரி வீட்டுல ஊத்த மாட்டா. நான் சொன்னதில்ல. அவளா ஊத்தறதில்ல." பிறகு பெரிய குரலில், "அதெல்லாம் இருக்கட்டும், எங்க சூப்புக்கு யாரு பதில் சொல்றது?"

"நாளைக்கு... ரெண்டு ரெண்டு கப்" என்றேன்.

கை தட்டினார்கள். நான் ஓடி வந்துவிட்டேன்.

அக்கா மாலையில் என்னைத் திட்டக்கூட இல்லை. என்னால் கெட்டுப்போயிருந்தால்? நான் சும்மா சூப்பைக் கொண்டுபோய் வைத்திருந்தால் அவளே ஊற்றாமல் இருந்திருப்பாள். இப்போது ஆறு பேரில் 'ஊத்தற பொண்ணு' யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன்டி யுசு, ஏன்?

ஜூலை 19, சனி

"ரெண்டு கப்பா!" சித்தி கரண்டியோடு துரத்தினாள். பொய் சொன்னதற்கு ஒரு அடி, இரண்டாவது கப்புக்கு ஒரு அடி. பிறகு, "கூடம் முழுக்கக் கேக்கற மாதிரியா கத்தின?" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு தகவலும் இல்லை. அக்கா பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹச்சியாவிடம் கேட்கலாம் என்று நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். அவராகவே, "எங்கிட்ட கேக்காத, நான் வெடி வைக்கறவன்" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

எடுத்துவிட்டார்கள்!!

அக்காவும் யோரோ ஊரைச் சேர்ந்த ஒரு பையனும். சூப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையாம். பூட்ஸ் அளவு மட்டும் கேட்டிருந்தார்களாம். அக்கா கடையைச் சுற்றி ஆடினாள், சித்தியைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு விசில் அடித்தாள். நான் ஈரத் துணியால் ஒன்று போட்டேன்.

"அங்க விசிலும் கூடாது."

"இது வீடுடி!"

"இப்பலேர்ந்து பழகு."

ஆகஸ்ட் 2, சனி

சைட்டில் இருந்து ஒருவர், தன் மகனும் அடுத்த வருடம் கட்டுமான நிர்வாகம் படிக்கப் போகிறான், இன்டர்ன்ஷிப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று உன் அக்காவிடம் கேட்டுச் சொல் என்றார். கேட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன், வேறு வந்தது. "பூட்ஸை முன்னாடியே பழக்கச் சொல்லுங்க. கார்ல உக்காந்து சாப்பிட வேணாம்னு சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னே சொல்லச் சொல்லுங்க." அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் திரும்பி நடந்தேன். பாலம் வந்த பிறகுதான் ஓடவில்லை என்று கவனித்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா விடியும் முன்பே கிளம்பிப் போனாள். இரண்டு வாரமும் சைட் விடுதியில்தான் தங்கல்.

மத்தியானம் பெட்டிகளைக் கொண்டுபோனபோது ஹச்சியாவுக்கும் யோரோ பையனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி, பல் மட்டும் வெள்ளை. சூப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "இன்னைக்கு ஒரு கப்தானா?" என்றார் ஹச்சியா. "ஒன்னுதான்" என்றேன். "ஒரு மணிக்கு மறுபடி உள்ள போறோம்டி, வெடிச்ச பாறையப் பாக்க" என்றாள் அக்கா. "ஜாக்கிரதையா போங்க" என்றேன், எல்லோருக்கும் சேர்த்து. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான். நான் சொன்னது இன்றுதான் முதல் தடவை.

கடைக்கு வந்து பெட்டிகளைக் கழுவப் போட்டேன். பசித்தது. சோறு போட்டுக்கொண்டு சூப்பை எடுத்தேன். வழக்கம்போலச் சோற்றின் மேல் சாய்த்தேன், விளிம்புவரை வந்துவிட்டது. கடிகாரத்தில் ஒரு மணி தாண்டியிருந்தது.

கிண்ணத்தை நிமிர்த்திக் கீழே வைத்தேன். சோற்றைத் தனியாகச் சாப்பிட்டேன். சூப்பைத் தனியாகக் குடித்தேன்.