அரக்கு முத்திரையிட்ட இரண்டு அம்ப்ளிபையர்கள்

பாய்,

இன்று காலை துறைமுக அலுவலகத்தில், என் குமாஸ்தா மேசையில், பினாங்குக்குப் போகும் ஒரு பொட்டலத்துக்கு முத்திரை வைப்பதற்காக அரக்கை மெழுகுவர்த்தியில் காட்டினேன். முதல் சொட்டு விழுவதற்குள் வாசனை எழுந்துவிட்டது. கை அப்படியே நின்றது. எதிர்மேசைக்காரர், "என்னா கிராணி, சுட்டுக்கிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்தான். நீங்கள் இறந்து ஓர் ஆண்டாகிறது. ஆனால் அரக்கு உருகும் இடத்திலெல்லாம் நீங்கள் என் வீட்டு முன்கூடத்தில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள்.

நமக்குள் நட்பு வந்ததே சந்தேகத்தால்தான், நினைவிருக்கிறதா? மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான் கஜக்கோலை வைத்துவிட்டு ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தவர். காஜா பெராங் தெருவில், கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில், ஒரு மேசையும் ஒரு விளக்கும் போட்டு வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தீர்கள். நாலு வீடு தள்ளிக் குடியிருந்த நான் என் வானொலியைக் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் போகவில்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிடுவீர்களோ என்று அங்கேயே நின்றேன். நீங்கள் கோபப்படாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டீர்கள்.

"பாத்துக்கிட்டே இருங்க கிராணி. கண்ண மட்டும் சிமிட்டிடாதீங்க. சிமிட்டினா ஒரு திருகாணி போயிடும்."

அந்த முக்காலியில் பதினொரு வருடம் உட்கார்ந்தேன்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த இரண்டாம் வருடம். எங்கள் அலுவலகத்துத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். நாடு முன்னேறும்போது நான் மட்டும் பழைய ரேடியோகிராமோடு கிடப்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கரில் இரண்டு விதமாகப் பாடும் புது இசைத்தட்டுகள் சிங்கப்பூரில் வந்திருக்கின்றன என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

"ரேடியோகிராம் நல்ல பெட்டிதான். ஆனா ரேடியோ, தட்டு, ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கான். ஊசியில இருந்து வர்ற சத்தம் எறும்பு மாதிரி. அதப் பக்குவமா வாங்க ஒரு சின்னப் பெட்டி போதும். அப்புறம் அதுக்குப் பலம் குடுக்கணும்ல? அதுக்குத்தான் பவர் அம்ப்ளிபையர். அது தனியா நிக்கணும், அதோட சூடும் இரைச்சலும் அதோட இருக்கட்டும். இடது பக்கத்துக்கு ஒண்ணு, வலது பக்கத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணு பத்தாதா, பாய்?"

"ஒரே மாடு ரெண்டு வண்டி இழுக்குமா?"

"மாடு விக்கிறவரு அப்படித்தான் சொல்வாரு."

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. ஒன்றாக இருப்பதை இரண்டாகப் பிரிப்பவன் இரண்டாக விற்பவன் என்பது என் கட்சி. ஆனாலும் அந்த ஆசை விடவில்லை.

ஆறு வாரம் செய்தீர்கள். தகரத்தை வெட்டி, மடித்து, கறுப்புச் சாயம் பூசி, ஒவ்வொன்றிலும் ஒரு வயதுக் குழந்தையின் கனமுள்ள டிரான்ஸ்பார்மரை உட்காரவைத்து, கண்ணாடிக் குழல்போல் எரியும் வால்வுகளுக்கு மேல் கம்பிக்கூடு போட்டு. "ரெட்டைப் பிள்ளைங்க கிராணி, மச்சம்கூட ஒண்ணுதான்" என்று தடவிக் கொடுத்தீர்கள். நான் வேலை முடிந்ததும் வந்து முக்காலியில் உட்கார்ந்து திருகாணிகளை எண்ணினேன். கப்பல் சரக்கு இறங்கிய இரண்டு நாள் மட்டும் வர முடியவில்லை. அந்த இரண்டு நாளை மனத்துக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை, மாலை மஃரிபு தொழுகை முடித்து வந்தீர்கள். என் சாய்வு நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அளந்து போட்டீர்கள். தட்டு சுழன்றது. வலது பக்கத்தில் பாடகர் என் தோள்மேல் கை போட்டுப் பாடினார். இடது பக்கத்து வயலின்காரரோ அடுத்த வீட்டுக் குளியலறையில் இருந்தார்.

"பாய், எடது நோஞ்சானா இருக்கே?"

நீங்கள் குனிந்து கேட்டீர்கள். "சரியாத்தானே இருக்கு."

"எனக்குக் காது இருக்கு, பாய்."

வாக்குவாதம் வேண்டாம் என்று, பெட்டிகளை இடம் மாற்றி வைத்தீர்கள். வலது பெட்டி இடப்பக்கத்துக்கு, இடது பெட்டி வலப்பக்கத்துக்கு. பெட்டியில் கோளாறு என்றால் கோளாறும் கூடவே இடம் மாற வேண்டும், அதுதான் உங்கள் தொழிலில் முதல் சோதனை என்றீர்கள். மறுபடி தட்டு சுழன்றது. மறுபடி இடதுதான் நோஞ்சான். அடுப்படியிலிருந்த என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அவள் கரண்டியோடு வந்து நின்று, "ரெண்டும் ஒரே மாதிரிதாண்ணே கேக்குது" என்றாள். நீங்கள் என்னை நெடுநேரம் பார்த்தீர்கள். என் தலையை, பிறகு நான் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த விதத்தை. மாட்டிக்கொண்டவனின் பார்வை என்று நான் முடிவு கட்டினேன்.

புத்தியுள்ளவன், பெட்டியில் குற்றமில்லை என்று எழுந்துபோயிருப்பான். நான் துறைமுகக் கிராணி. இருபது வருடமாகச் சரக்குப் பெட்டிகளில் குறைவதைக் கண்டுபிடிப்பதே வேலை. ஆக, நான் வராத அந்த இரண்டு நாளில், உங்களிடம் விட்டிருந்த என் பழைய ரேடியோகிராமின் தேய்ந்த வால்வுகளை ஒரு பெட்டியில் சொருகிவிட்டீர்கள். சரி, இடம் மாற்றிய பிறகும் ஏன் இடதே குறைந்தது? தூக்கி வைக்கும் சாக்கில் வால்வுகளையும் மாற்றிவிட்டீர்கள். நான்தான் கண்ணைச் சிமிட்டிவிட்டேன்! என் வீட்டுக்காரியின் சாட்சியமோ செல்லாது. போன மாதம்தான் அவளுடைய தையல் மெஷினுக்கு நீங்கள் மோட்டார் மாட்டிக் கொடுத்திருந்தீர்கள்.

அப்புறம்தான் அந்தக் கூத்து. இடது பெட்டிக்கு நானே வேறு வால்வு வாங்கிப் போட்டேன். பிறகு அதை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று, அலுவலக அரக்கையும் கம்பெனி முத்திரையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பெட்டியின் கம்பிக்கூடுகளிலும் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் முத்திரை வைத்தேன். பெட்டிக்கு நாலு. என்ன அழகு தெரியுமா! சுங்க அதிகாரியே தொப்பியைக் கழற்றுவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டின் முதல் பக்கம் முடிவதற்குள் அரக்கு இளகியது. அந்தச் சூட்டில் இளகாமல் என்ன செய்யும்? கம்பிக்கூட்டின் வழியாகச் சிவப்பாக வழிந்து, டிரான்ஸ்பார்மர்மேல் விழுந்து, புகைந்து, சிமெண்டுத் தரையில் வெற்றிலை துப்பியதுபோல் சொட்டியது. என் வீட்டுக்காரி "ஐயோ, வீடே பத்திக்கிச்சு" என்று ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

"கிராணி, இந்தச் சரக்கு பினாங்குக்கா, சிங்கப்பூருக்கா?"

சிரித்து முடித்த பிறகுதான் முத்திரை எதற்கென்று உங்களுக்கு விளங்கியது. "எம்மேலயா?" என்றீர்கள்.

"சும்மா, பொதுவா ஒரு பாதுகாப்புக்கு."

நீங்கள் பேனாக்கத்தியை எடுத்து, முழங்காலிட்டு, காய்ந்த அரக்கைச் சுரண்டத் தொடங்கினீர்கள். எட்டையும் சுரண்டி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பேசினேன், பாய். ஆனால் உங்களிடம் இல்லை, கோப்பிக்கடையில். வாசகசாலைச் செயலாளர் முத்தையா அங்கே இருந்தார். அவர்களுடைய புது மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வேலையை உங்களிடம் கொடுப்பதாகப் பேச்சு. அந்த ஒரு வேலை அமைந்தால் நடைபாதையை விட்டு, பெயர்ப்பலகை போட்ட கடைக்குப் போய்விடலாம் என்று நீங்கள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். "பாய் தங்கமான மனுசரு. வால்வ மட்டும் எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க." அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பேச்சு பக்கத்து ஊர் புக்கிட் ரம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது, வால்வுக்குப் பதில் பால்டின்னை வைத்து விற்றவராக நீங்கள் மாறியிருந்தீர்கள். மண்டபத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்தான். உங்கள் மேசை நடைபாதையிலேயே இருந்தது.

யார் சொன்னது என்று உங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையும் வந்தீர்கள். ஏன் வருகிறார் என்று யோசித்தேன். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன!

அதற்குள் என் அலுவலகத்தில் துரையின் நாற்காலிக்குப் புதுத் துவான் வந்தார். தினக்கூலிக் கிராணிகளை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அதற்கு முதலில் டாக்டர் பரிசோதனை என்றார்கள். நீங்கள் கடையைக் கட்டிவிட்டு என்னோடு கிளினிக்குக்கு வந்தீர்கள். "டாக்டர் உங்க வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி பாத்து உக்காருங்க. வலது நல்லது" என்றீர்கள். பாய் எப்போது எனக்கு ராசி பார்க்க ஆரம்பித்தார் என்று அதையும் சந்தேகித்தேன். ஆனால் அப்படியே உட்கார்ந்தேன். டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்னேன். அவர் என் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், போகச் சொன்னார்.

நிரந்தர உத்தரவு வந்து சேரச் சர்க்கார் நடையில் நெடுங்காலம் ஆயிற்று. அது வந்த வாரத்தில், நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், நீங்கள் உங்கள் மேசையின்மேல் தலை சாய்ந்தீர்கள். சூட்டுக்கோல் இன்னும் சூடாக இருந்தது என்றார்கள். மய்யித்தின் பின்னால் நானும் நடந்தேன். நல்ல மனிதர், ஒரே ஒரு குறைதான் என்று அப்போதும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

போன மாதம் பெருமழை. முன்கூடத்தில் ஒழுகியது. என் வீட்டுக்காரி சாய்வு நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டாள். நான் கவனிக்காமல் தட்டைச் சுழலவிட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இத்தனை வருடம் என் தோள்மேல் கை போட்டுப் பாடிய பாடகர் குளியலறைக்குப் போயிருந்தார். வயலின்காரர் என் பக்கத்தில்! முதலில் உங்கள் ஆவியைத்தான் சந்தேகித்தேன். செத்த பிறகும் வால்வை மாற்றுகிறாரே என்று. நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் என் இடது கைப் பக்கம்தான் நோஞ்சான். வலது காதில் விரலை வைத்து அடைத்தேன். பாட்டு போயிற்று. மழை போயிற்று. வாசலில் நின்ற என் வீட்டுக்காரியின் வாய் மட்டும் அசைந்தது.

விரலை எடுத்தேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாயண்ணனுக்கு அன்னிக்கே தெரியும்."

"என்னிக்கே?"

"பெட்டிய மாத்தி வச்சாரே, அன்னிக்கு. உங்களுக்கு எடது காது கேக்கலன்னு எங்கிட்ட சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு."

"ஏன்?"

"கிராணிக்குத் தெரிஞ்சா கோப்பிக்கடைக்குத் தெரியும், கோப்பிக்கடைக்குத் தெரிஞ்சா ஆபீசுக்குத் தெரியும், செவிட்டுக் கிராணிய எவன் நிரந்தரமாக்குவான்னாரு. உங்க வாயப் பத்தி அவருக்குத் தெரியாதா?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"உத்தரவு வந்த அன்னிக்கு நான் சொல்லவான்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை நானே வந்து சொல்லிச் சிரிக்கிறேம்மான்னாரு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வெள்ளிக்கிழமை வரல."

அந்த மண்டபமும் அந்தப் பெயர்ப்பலகையும் உங்களுக்கு வந்திருக்கும், பாய். 'கிராணிக்குக் காது போச்சு' என்று ஒரு வார்த்தை முத்தையாவிடம் சொல்லியிருந்தால் போதும். இதில் உங்களுக்கு ஏதாவது ஆதாயம் உண்டா என்று மூன்று நாள் தேடிப் பார்த்தேன். என் புத்தி அப்படி. கிடைக்கவில்லை.

நாலாம் நாள் கோப்பிக்கடைக்குப் போய், எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன். எனக்கு இடது காது செவிடு. பாய் செய்த பெட்டியில் ஒரு குறையும் இல்லை. முத்தையா கோப்பியைச் சாசரில் ஊற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா கிராணி, பாயோட மச்சானுக்கு எதும் கான்ட்ராக்ட் பேசுறீங்களா?"

"சத்தியமா இல்லைங்க."

"வயசானவங்கள்லாம் திடீர்னு நல்லவங்களானா பயமாருக்குலா" என்றார். கடையே சிரித்தது. நான் ஊருக்கெல்லாம் போட்ட விதை, பாய். என்மேலும் முளைத்திருக்கிறது.

வாயால் சொல்லி எடுபடாது என்று தெரிந்துபோயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளையும் ஒரு மூன்று சக்கரப் பெச்சாவில் ஏற்றி வாசகசாலை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். சிங்கப்பூர்க்காரன் வைத்துப்போன பெட்டி அங்கே வருடக்கணக்காக வண்டுபோல் இரைகிறது. இனி இவை இங்கேயே இருக்கட்டும், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று மண்டபத்து ஸ்பீக்கர்களில் மாட்டித் தட்டைச் சுழலவிட்டேன். முத்தையா முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து இடது ஸ்பீக்கரிடம் போய் நின்றார். வலதுக்குப் போனார். மறுபடி இடதுக்கு வந்தார். அரைமணி நேரம் அப்படி நடந்தார். நான் நடு நாற்காலியில், பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான், கிராணி. பாய் வேலை சுத்தம்."

நிஜமாகவா, இல்லை என்னைச் சமாதானப்படுத்தவா என்று கேட்க நாக்கு எழுந்தது. சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. விட்டுவிட்டேன்.

செய்தி இதற்குள் துவானுக்கும் போயிருக்கும். பியூன் என் மேசைப் பக்கம் வந்தாலே கூப்பிடத்தான் வருகிறான் என்று பேனாவை மூடிவைக்கிறேன். கூப்பிட்டால் போக வேண்டியதுதான். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை அப்படி உட்காரப் போவதில்லை.

அன்று மண்டபத்திலிருந்து திரும்பும்போது முத்தையா என் இடது பக்கமாக நடந்து வந்தார். உங்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். காஜா பெராங் வரும் வரை சொன்னார். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன், பாய்.